ஜலத்திலிருந்து எரிபொருளும் தங்கமும் கிடைக்குமா?

கிணற்று ஜலத்தில் மின்சாரத்தைச் செலுத்தினால் அது எரியும் வாயுவாக மாறும் என்றும், அவ்வாயுவைக் கொண்டே இஞ்சினை ஓட்டி இறவைப் பாசனம் செய்யலாம் என்றும், பாத்திரத்தின் அடியில் தங்கும் வண்டலிலிருந்து வெள்ளி, தங்கம் முதலிய உயர்ந்த உலோகங்களையும் எடுத்துக் கொள்ளலாம் என்றும் பல தேசங்களில் நெடுநாளாகச் சிலர் கூறி வருகின்றனர். டீசல் எண்ணெய்க்குச் செலவிட்டே கை சலித்துப்போன குடியானவருக்கு இச்சொல் காதில் தேன் வார்த்தது போலிருக்கும் என்பதில் ஐயமில்லை. தண்ணீரோ சொந்தக் கிணற்றில் இருக்கிறது. கருவியோ கண்ணெதிரில் குமிழி விடுகிறது. வாயுவோ தீக்குச்சி காட்டியதும் படீரென்று வெடிக்கிறது. கண்ணால் கண்டதை எப்படிப் பொய் என்பது?

இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. கண்ணால் கண்டது பொய்யன்று. அதன்மேல் கட்டிய கணக்கே பொய். ஆகவே, ஒரு போகத்து வருமானத்தையோ, வீட்டுப் பெண்களின் நகையையோ, அடமானத்தில் வாங்கிய தொகையையோ இவ்விதக் கருவியிலும், அதைச் செய்வதாகச் சொல்லும் கூட்டு வியாபாரப் பங்குகளிலும் போடுமுன், இதில் மெய் எவ்வளவு, பொய் எவ்வளவு என்று அளந்து பார்ப்பது நிலமுடையார் யாவருக்கும் கடமையாகும்.

மெய்யான பகுதி

ஜலம் தனிப்பொருளன்று என்பதும், ஹைட்ரஜன் என்னும் ஜலவாயுவும் பிராணவாயுவும் சேர்ந்ததே ஜலம் என்பதும் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தெளிவாயின. 1766-ஆம் வருஷத்தில் இங்கிலாந்தின் காவெண்டிஷ் என்னும் சாஸ்திரி ஜலவாயுவின் இயல்புகளை ஆராய்ந்து வெளியிட்டார். 1783-இல் பிரான்சு தேசத்து லவாய்சியர், அவ்வாயு எரிந்தால் உண்டாவது ஜலமே என்று நிரூபித்தார். 1800-ஆம் வருஷத்தில் நிக்கல்ஸன், கார்லைல் என்ற இருவர், அவ்வாண்டுதான் வெளிவந்திருந்த வோல்டாவின் மின்சார அடுக்கைக் கொண்டு ஜலத்தை இரு வாயுக்களாகப் பிரித்துக் காட்டினர். ஆகவே, மின்சாரத்தால் ஜலம் பிரியும் என்பதும், பிரிந்து வரும் ஜலவாயு நன்றாக எரியும் என்பதும் இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக உலகம் அறிந்த உண்மை. இதைப் புதிதாகக் கண்டுபிடித்ததாகச் சொல்பவரின் பேச்சில் முதல் தவறு அதுவே.

லவாய்சியர் காட்டியதைச் சற்று ஆழ்ந்து நோக்க வேண்டும். விறகு எரிந்தால் சாம்பல் மிஞ்சுகிறது. ஜலவாயு எரிந்தால் மிஞ்சுவது ஜலம். அதாவது, எரிபொருள் என்ற வரிசையில் பார்த்தால் ஜலம் என்பது எரிந்து முடிந்த சாம்பலே. சாம்பலை மீண்டும் விறகாக்க வேண்டுமானால், விறகு எரிந்தபோது வெளிவந்த உஷ்ணம் முழுவதையும் வேறிடத்திலிருந்து கொண்டுவந்து அதற்குக் கொடுத்தாக வேண்டும். ஜலத்தை வாயுவாகப் பிரிப்பதும் அத்தன்மையதே. கொடுத்ததுதான் திரும்பும், அதிலும் வழியில் சிந்தியது போக மிஞ்சியதே திரும்பும்.

ஏற்றம் இறைத்து மேட்டுத் தொட்டியில் நிரப்பிய தண்ணீரைக் கீழே விட்டு, அது விழும் வேகத்தைக் கொண்டே மறுபடி ஏற்றத்தை ஆட்டி, தொட்டியையும் நிரப்பி, மிச்சத்தை வயலுக்கும் பாய்ச்சலாம் என்று ஒருவர் சொன்னால், ஏற்றம் மிதித்த கால்களுக்கு அதன் பொய் உடனே விளங்கும். ஜலத்தால் இஞ்சின் ஓடி, அந்த இஞ்சினே ஜலத்தைப் பிரித்துக்கொள்ளும் என்பதும் அதே பேச்சுத்தான். உள்ளே நடப்பது கண்ணுக்குப் புலப்படாமையால் மட்டுமே அது நம்பத்தக்கது போல் தோன்றுகிறது.

யூனிட் கணக்கு

ஒரு லிட்டர் ஜலத்தில் 111 கிராம் ஜலவாயு அடங்கியிருக்கிறது. அதைப் பிரித்தால் ஏறக்குறைய 1,240 லிட்டர் ஜலவாயுவும் 620 லிட்டர் பிராணவாயுவும் கிடைக்கும். இவ்வளவு பெரிய பரிமாணத்தைக் கண்டே பலர் மயங்குகின்றனர். ஆனால் இதற்கு ஆகும் மின்சாரம், சிறிதும் நஷ்டமில்லாத கருவி ஒன்று இருப்பதாக வைத்துக்கொண்டாலும், 4.4 யூனிட்டுக்குக் குறையாது. பெரிய தொழிற்சாலைகளில் உள்ள நல்ல கருவிகளுக்கே ஏறக்குறைய 6 யூனிட் ஆகிறது.

இவ்வாறு 6 யூனிட் செலவிட்டுப் பெற்ற வாயுவை இஞ்சினில் எரித்தால், இஞ்சின் அதன் உஷ்ணத்தில் நாலில் ஒரு பங்கையே வேலையாக மாற்றும். மீதி புகையோடும் சூட்டோடும் போய்விடும். கையில் வருவது சுமார் 1 யூனிட் வேலை. 5 குதிரைச் சக்தியுள்ள பம்பை அது 16 நிமிஷம் ஓட்டும். அதே 6 யூனிட்டை நேரே மின்சார மோட்டாருக்குக் கொடுத்தால் 5 யூனிட் வேலை கிடைக்கும்; அதே பம்பு 1 மணி 20 நிமிஷம் ஓடும்.

"மின்சாரத்துக்குத்தான் கட்டணம் இல்லையே, போனால் என்ன?" என்று சிலர் கேட்கலாம். மின்சாரம் வந்துள்ள கிணற்றில் மோட்டாரையே வைத்து இறைக்கலாம். நடுவில் ஜலத்தைப் பிரித்து இஞ்சினில் எரிக்க வேண்டிய அவசியம் என்ன? மின்சாரம் வராத கிணற்றிலோ, ஜலத்தைப் பிரிக்கவும் வழியில்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும் கணக்கு அடைபடுகிறது.

இஞ்சினில் பொருத்தும் டப்பா

இஞ்சினைத் தண்ணீரிலேயே ஓட்டலாம் என்று சொல்லக் கூசுகிறவர்கள், ஒரு சிறு டப்பாவை இஞ்சினோடு பொருத்தினால் டீசல் பாதியாகக் குறையும் என்பர். எவர்சில்வர் தகடுகளும், காஸ்டிக் பொட்டாஷ் அல்லது காஸ்டிக் சோடா கரைத்த நீரும், ஒரு 12 வோல்ட் பாட்டரியும் கொண்டது இக்கருவி. அதில் 20 ஆம்பியர் மின்சாரம் ஓடுவதாகக் கொள்வோம். ஒரு மணி நேரத்துக்கு 0.24 யூனிட். கருவி நன்றாகவே வேலை செய்தாலும் வாயுவில் சேரும் சக்தி சுமார் 0.15 யூனிட். 5 குதிரைச் சக்தி இஞ்சின் அதே ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய ஒரு லிட்டர் டீசலைக் குடிக்கிறது; அதில் உள்ள சக்தி சுமார் 10 யூனிட். நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு வாயுவைச் சேர்த்து, நூற்றுக்கு ஐம்பது பங்கு எண்ணெயை எவ்வாறு மிச்சப்படுத்துவது?

அந்த ஒன்றரைப் பங்கும் இனாமாக வரவில்லை. பாட்டரியை நிரப்புவது இஞ்சினோடு சுழலும் டைனமோ. டைனமோவின் நஷ்டத்தையும் இஞ்சினின் நஷ்டத்தையும் கூட்டினால், 0.24 யூனிட் மின்சாரம் உண்டாக்க 1.4 யூனிட் அளவுக்கு டீசல் எரிய வேண்டியிருக்கிறது. அதாவது 9 மரக்கால் நெல்லைக் கொடுத்து 1 மரக்கால் வாங்கும் வியாபாரம் இது. டைனமோ இல்லாமல் வீட்டில் பாட்டரியை நிரப்பிக்கொண்டு வந்து காட்டினால், பார்க்கிறவர் பாட்டரியை மறந்து தண்ணீரை மட்டும் பார்ப்பார். காட்டுகிறவருக்கு வேண்டியதும் அதுவே.

நீதிமன்றங்கள் கண்டது

இவ்வித உரிமைகளில் மிகப் பேர் பெற்றது அமெரிக்காவில் ஓஹையோ மாகாணத்து ஸ்டான்லி மேயர் என்பவருடையது. ஜலத்தை மிகச் சொற்ப மின்சாரத்தில் பிரிக்கும் பாத்திரம் ஒன்றைத் தாம் செய்திருப்பதாகவும், 22 காலன் ஜலத்தைக் கொண்டு ஒரு சிறு மோட்டார் வண்டி அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போகும் என்றும் அவர் கூறி வந்தார். அவரை நம்பிப் பணம் கொடுத்த இருவர் வழக்குத் தொடுத்தனர். நிபுணர்கள் அப்பாத்திரத்தை ஆராய்ந்து, அதில் புதுமை ஒன்றும் இல்லை, நடப்பது சாதாரண மின்பகுப்பே என்று சாக்ஷியம் கூறினர். 1996-ஆம் வருஷத்தில் நீதிமன்றம் அதை மோசடி என்று தீர்த்து, 25,000 டாலரைத் திருப்பிக் கொடுக்கும்படி உத்தரவிட்டது. 1998-இல் மேயர் காலமானார். அவர் ரகசியத்தைத் தம்மோடு கொண்டுபோய்விட்டார் என்று சொல்லி, அதையே மூலதனமாக்கிப் பொருள் தேடுவோர் பின்னும் தோன்றினர்.

நம் நாட்டிலும் இதற்கு நெருங்கிய உதாரணம் உண்டு. மேற்சொன்ன 1996-ஆம் வருஷத்திலேயே, தண்ணீரில் ஒரு மூலிகையைப் போட்டுக் காய்ச்சிப் பெட்ரோல் எடுப்பதாகத் தமிழ்நாட்டில் ஒருவர் கூற, அச்செய்தி தேசம் முழுவதும் பரவியது; படித்தவர்களும் பெரிய பதவியிலிருந்தவர்களும் வியந்து நின்றனர். முடிவில் அது மோசடி வழக்காகி, 2016-ஆம் வருஷத்தில் சென்னை நீதிமன்றம் தண்டனை விதித்தது. கண்ணெதிரே செய்து காட்டல் என்பது ஒன்றே ருசுவாகாது என்பதற்கு இவ்விரண்டும் போதும்.

கடலில் எடுத்த தங்கம்

இனி, உயர்ந்த உலோகங்களைப் பற்றிய பேச்சை ஆராய்வோம். கடல் ஜலத்தில் தங்கம் கரைந்திருக்கிறது என்பது உண்மை. அவ்வுண்மையை மின்சாரத்தோடு முடிச்சுப் போட்டுப் பெரும் பணம் திரட்டிய சரித்திரம் ஒன்று அமெரிக்காவில் உண்டு. 1897-ஆம் வருஷத்தில் ஜெர்னிகன் என்ற பாதிரியார், பாதரசமும் மின்சாரமும் கொண்ட ஒரு பெட்டியைக் கடலில் இறக்கினால் பாதரசத்தில் தங்கம் வந்து சேரும் என்று கூறினார். பிராவிடென்ஸ் துறைமுகத்தில் ஒரு கொட்டகையின் தரைவழியே பெட்டியைக் கடலில் இறக்கி, விஷயமறிந்த நகை வியாபாரியும் அவருடைய நண்பர்களும் இரவு முழுவதும் விழித்துக் காவலிருந்தனர். காலையில் எடுத்துப் பார்க்கையில் பாதரசத்தில் தங்கம் இருந்தது.

உடனே கூட்டு வியாபார ஸ்தாபனம் ஒன்று ஏற்பட்டது. மெயின் மாகாணத்து லூபெக் என்னும் கடலோர ஊரில் ஆலை எழுந்தது. பங்குகளை ஜனங்கள் போட்டி போட்டு வாங்கினர். 1898-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் ஜெர்னிகனின் கூட்டாளியான பிஷர் என்பவர் திடீரென்று மறைந்தார். ஜெர்னிகன் ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். அதன்பின் உண்மை வெளியாயிற்று. பிஷர் நீரில் மூழ்கும் தொழிலறிந்தவர். அவர் தண்ணீருக்கு அடியில் வந்து, பெட்டியிலிருந்த பாதரசத்துக்குப் பதிலாகத் தங்கம் சேர்ந்த பாதரசத்தை வைத்துவிட்டுப் போயிருந்தார். காவல் இருந்தது கொட்டகைக்கு மேலே. களவு வந்தது தண்ணீருக்குக் கீழே. பணம் போட்டவர்களுக்குப் போட்டதில் ஒரு பகுதியே திரும்பியது.

வஞ்சகர் செய்தது இவ்வாறாக, உத்தமர் ஒருவர் அதே விஷயத்தை நேர்மையாக ஆராய்ந்ததையும் குடியானவர்கள் அறிய வேண்டும். ஆகாயத்து நைட்ரஜனிலிருந்து அமோனியா செய்யும் முறையைக் கண்டு, அதற்காக 1918-ஆம் வருஷத்து நோபெல் பரிசைப் பெற்ற ஜெர்மன் ரஸாயன சாஸ்திரி பிரிட்ஸ் ஹாபர் அவரே. யூரியா, அம்மோனியம் ஸல்பேட் முதலிய உரங்களுக்கு அடிப்படை அவர் கண்ட முறை. முதல் உலக யுத்தத்தில் தோற்ற ஜெர்மனியின்மேல் 1921-இல் 13,200 கோடித் தங்க மார்க் யுத்த நஷ்டஈடாக விதிக்கப்பட்டது. அக்கடனைக் கடல் தங்கத்தால் தீர்க்கலாம் என்று ஹாபர் எண்ணினார். ஒரு டன் கடல் ஜலத்தில் சில மில்லிகிராம் தங்கம் இருப்பதாக அதற்குமுன் மதித்திருந்தனர். ஹாபர் கப்பலில் ஆய்வுக்கூடம் அமைத்து, தூர தேசத்துக் கடல்களின் ஜலத்தையும் தருவித்துப் பல ஆண்டுகள் சோதித்தார். முன் மதித்ததில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே தங்கம் இருக்கக் கண்டார். செலவு வரவை விஞ்சும் என்று தெரிந்ததும், முயற்சியைக் கைவிட்டு, தம் தோல்வியை 1927-இல் தாமே அச்சிட்டு வெளியிட்டார். மெய்யான ஆராய்ச்சியாளரின் அடையாளம் அதுவே.

ஹாபர் கண்ட அளவும் அதிகம் என்று பிற்காலத்து நுண்ணிய சோதனைகள் காட்டின. அட்லாண்டிக் கடலில் 10 கோடி டன் ஜலத்துக்குச் சுமார் 1 கிராம் தங்கமே உள்ளது. மணிக்கு 36 டன் இறைக்கும் பம்பு இரவும் பகலும் ஓயாது ஓடினாலும் அவ்வளவு ஜலம் இறைக்க 300 வருஷத்துக்கு மேலாகும். அந்த 300 வருஷத்து உழைப்புக்குக் கிடைப்பது சவரனில் எட்டில் ஒரு பங்கு.

வண்டலில் தெரியும் உலோகம்

"பாத்திரத்தின் அடியில் உலோகம் தங்குவதைக் கண்டோமே" என்பாருக்கு விடை இது. மின்சாரம் செல்லும்போது தனத்தகடு கொஞ்சங்கொஞ்சமாகக் கரைகிறது. எவர்சில்வரில் இரும்பும் குரோமியமும் நிக்கலும் உண்டு; அவை கரைந்து வண்டலாகின்றன. செப்புக் கம்பி நனைந்தால் செம்பு சேரும். உப்புக் கிணற்று நீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து ருணத்தகட்டில் வெண்மையாகப் படியும். குரோமியம் கரைந்த நீர் பொன்னிறமாகவே தோன்றும். அது தங்கமன்று, விஷம். தங்க முலாம் பூசுகிற பட்டறையிலும் மின்சாரம்தான் வேலை செய்கிறது. ஆனால் கரைசலில் தங்கம் போட்டிருப்பதால்தான் முலாம் ஏறுகிறது. செம்பைச் சுத்தி செய்யும் ஆலைகளில் தொட்டியின் அடியில் தங்கமும் வெள்ளியும் சேர்வதும், சுரங்கத்துச் செம்பில் அவை முன்னரே கலந்திருப்பதால்தான். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்.

ஒரு உலோகத்தை மற்றோர் உலோகமாக மாற்றும் ரசவாதம் அறவே ஆகாததா என்று கேட்கலாம். அணுவின் கருவையே உடைக்கும் பெரும் இயந்திரங்களில் அது நடந்திருக்கிறது. ஜெனிவா நகரை அடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்தில், 2015 முதல் 2018 வரை ஈயத்தின் அணுக்கருக்கள் ஒன்றையொன்று நெருங்கிச் சென்றபோது தங்க அணுக்கருக்கள் உண்டாயின என்று 2025-ஆம் வருஷத்தில் அறிவித்தனர். நாலு வருஷத்திலும் சேர்ந்து உண்டான தங்கம், ஒரு கிராமை லட்சம் கோடி பங்காக்கினால் அதில் 29 பங்கு. அதுவும் நொடிப்பொழுதில் சிதறிப் போயிற்று. உலகத்தின் மிகப் பெரிய இயந்திரத்தால் ஆன அளவு இது. 12 வோல்ட் பாட்டரியால் அணுவின் கருவை அசைக்கவும் இயலாது.

அபாயங்கள்

பண நஷ்டத்தோடு உயிர் நஷ்டமும் இதில் உண்டு. ஜலத்தைப் பிரித்ததும் இரு வாயுக்களும் கலந்தே நின்றால், ஸ்விச்சில் தோன்றும் சிறு பொறியும் அக்கலவையை வெடிக்கச் செய்யும். ஜலவாயுவின் சுவாலை பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. காஸ்டிக் நீர் தோலைப் புண்ணாக்கும். கண்ணில் தெறித்தால் பார்வை போகும். காஸ்டிக்குக்குப் பதிலாகச் சமையல் உப்பைப் போட்டால், மூச்சைத் திணறச் செய்யும் குளோரின் வாயு எழும். எவர்சில்வர் தகடு கரைந்த மஞ்சள் நீரை வாய்க்காலிலோ கிணற்றடியிலோ கொட்டினால் மனிதருக்கும் மாட்டுக்கும் கெடுதி.

மின்பகுப்பின் உண்மைப் பயன்

இதனால் மின்பகுப்பே பயனற்றது என்று எண்ணலாகாது. மலிவான நீர்வீழ்ச்சி மின்சாரத்தைக் கொண்டு ஜலத்தைப் பிரித்து, அந்த ஜலவாயுவிலிருந்து உரம் செய்யும் ஆலைகள் நார்வே தேசத்து ரியூக்கானில் 1929-இலேயே நடந்தன. பஞ்சாபில் நங்கல் என்ற ஊரில், பக்ரா அணையின் மின்சாரத்தால் இம்முறையில் உரம் செய்யும் ஆலை 1961-இல் தொடங்கியது. சூரிய ஒளியாலும் காற்றாலும் பெறும் மின்சாரத்தைக் கொண்டு ஜலவாயுவைப் பெருக்க இந்திய அரசாங்கமும் 2023-ஆம் வருஷத்தில் ஒரு திட்டத்தை அங்கீகரித்தது. இவை யாவற்றிலும் ஜலம் எரிபொருளன்று. மின்சாரத்தின் சக்தியைச் சுமந்து செல்லும் பாத்திரமே. செலவிட்ட மின்சாரத்தின் கணக்கை அவ்வாலைகள் மறைப்பதில்லை.

செய்யத்தக்கவை

இவ்விதக் கருவியை விற்க வருவோரிடம் கீழ்க்கண்டவாறு நடந்துகொள்வது நலம்.

1. சோதனை வாங்குகிறவருடைய இஞ்சினில், அவருடைய கிணற்றில், அவர் அளந்து ஊற்றிய எண்ணெயில் நடக்க வேண்டும். விற்கிறவர் கொண்டுவந்த தண்ணீரையும் இஞ்சினையும் ஏற்கலாகாது.

2. கருவியோடு ஒரு நாளும், கருவியின்றி ஒரு நாளும், அதே மணிக்கணக்கில் அதே ஆழத்திலிருந்து இறைத்து, செலவான எண்ணெயை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும்.

3. பாட்டரியை முழுதும் அகற்றிவிட்டுக் கருவி ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். அகற்ற மறுத்தால் விஷயம் விளங்கிவிட்டது.

4. தங்கம் வரும் என்றால், தகடுகளை முன்னும் பின்னும் நிறுத்துப் பார்க்க வேண்டும். மின்சாரம் செலுத்தாத அதே ஜலத்தையும் வண்டலையும் வாங்குகிறவரே முத்திரையிட்டு, சம்பந்தமில்லாத பரிசோதனைச் சாலைக்கு அனுப்ப வேண்டும்.

5. ரகசியம் என்றும், இன்றே பணம் கட்டினால்தான் உண்டு என்றும், இன்னொருவரைச் சேர்த்துவிட்டால் கமிஷன் உண்டு என்றும் சொன்னால், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ள வேண்டும்.

கிராம அதிகாரிகளுக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. ஊர்ப் பெரியவர்கள் ஒரு கருவியின் பக்கத்தில் நின்றதே அதற்கு அத்தாட்சி என்று ஜனங்கள் நம்பிவிடுவர். ஆகவே செயல்முறை காட்டும் கூட்டத்துக்குத் தலைமை வகிக்குமுன் மேற்கண்ட சோதனைகள் நடந்தனவா என்று விசாரித்தல் வேண்டும். பங்குப் பணம் வசூலிப்பதாகத் தெரிந்தால் தாமதமின்றிப் போலீஸாருக்குத் தெரிவித்தல் வேண்டும்.

எண்ணெய்ச் செலவைக் குறைக்க நேரான வழிகள் பல இருக்கின்றன. கிணற்றின் ஆழத்துக்கும் ஊற்றுக்கும் ஏற்ற பம்பைத் தேர்ந்தெடுத்தல், கசியும் உறிஞ்சு குழாயையும் அடிவால்வையும் மாற்றுதல், வாய்க்காலில் வீணாகும் நீரைத் தடுத்தல், சொட்டு நீர்ப் பாசனத்தை மேற்கொள்ளுதல், சூரிய சக்தி பம்புக்கு அரசாங்கத்தார் அளிக்கும் சகாயத்தை விசாரித்தல் ஆகியவற்றில் அதிசயம் ஒன்றுமில்லை; ஆனால் அளந்து பார்த்தால் மிச்சம் தெரியும். குடியானவருக்கு ஜலத்திலிருந்து தங்கம் கிடைக்கும் வழி பயிரின் வழியே. வயலுக்குப் பாய்ந்த ஜலம் கதிராக விளைந்து களத்துக்கு வருவதை எந்தப் பாட்டரியும் செய்ததில்லை.